ஆறும் தறியும்



ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் கீழ்க்கரையில் இருப்பது பள்ளிபாளையம். ஊருக்குள் நுழைந்ததும் விசைத்தறிகளின் இரைச்சல் காதை நிறைக்கும். பொருளாதார வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இவ்வூரே என் நினைவுக்கு வருகிறது. வளர்ச்சியின் நல்வழியும் அல்வழியும் இங்கே அருகருகே உள்ளன.

நல்வழியை முதலில் சொல்கிறேன். 1960களில் இங்கே சேஷசாயி காகித ஆலை இயங்கத் தொடங்கிற்று. 1980களில் அருகிலுள்ள ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலை எழுந்தது. சாறு பிழிந்த கரும்புச் சக்கை காகிதத்திற்கு மூலப்பொருளாயிற்று; அந்த அளவுக்கு மரம் தப்பியது. காகித ஆலையின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பெற்றுக் கரும்பு வயலுக்குப் பாய்ந்தது. அவ்வயலின் கரும்பு மீண்டும் சர்க்கரை ஆலைக்குச் சென்றது. ஒன்றன் கழிவு மற்றொன்றின் முதலாயிற்று. உழவருக்கும் வருவாய் கிடைத்தது.

இனி, மறுபக்கம். பருத்தி நூலில் சாயம் ஏற உப்புத் தேவை. கழிவுநீரின் நிறத்தை நீக்குவது எளிது. கரைந்த உப்பை நீக்குவது எளிதன்று. நுண்சவ்வு வழியே வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்தல் வேண்டும். சிறு சாயப்பட்டறை ஒன்று தனியே தாங்கக்கூடிய செலவா அது? செலவுக்கு அஞ்சிக் கழிவை அப்படியே விட்டால் கிணறும் ஆறும் கெடும். பட்டறைகளைத் திடீரென மூடினாலோ கூலி போகும். இரு வழியிலும் அடி விழுவது ஏழையின் முதுகில்தான்!

அந்த ஏழையின் நிலை என்ன? முன்பணம் வாங்கித் தறியோடு பிணைக்கப்பட்டவர் பலர். கடன் தீரச் சிறுநீரகத்தையே விற்ற தொழிலாளர்களைப் பற்றி 2025ஆம் ஆண்டில் வெளிவந்த செய்திகளைப் படித்து நான் திடுக்கிட்டேன். உலகெங்கும் செல்லும் துணியை நெய்பவன் தன் உடலை விற்க நேர்ந்தால், அதற்கு வளர்ச்சி என்று பெயரிடலாமா?

1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி அம்மையார், வறுமையை மறந்து சுற்றுச்சூழலைக் காக்க இயலாது என்று உலகுக்கு உணர்த்தினார். அவ்வுண்மைக்குப் பள்ளிபாளையமே சான்று. பட்டறைகள் பலவும் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அரசு துணைநிற்க வேண்டும். அதன் செலவில் ஒரு பங்கைத் துணி வாங்குவோரும் ஏற்க வேண்டும். தொழிலாளிக்கு நேர்மையான கூலியும், குறைந்த வட்டிக் கடனும் கிடைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் பொறியாளராகலாம், ஆட்சியாளராகலாம். எந்தத் தொழிலைக் கண்டாலும் இரு வினாக்களைக் கேளுங்கள்: இதன் கழிவு எங்கே போகிறது? இதன் இலாபம் யாரிடம் சேர்கிறது? இரண்டிற்கும் நல்ல விடை கிடைக்கும் நாளே நாடு வளர்ந்த நாள்.