கந்தைக்கு ஒரு பெயர்



ஆடையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பலவும் வெட்டுதலைக் குறிக்கும் வேர்களிலிருந்து பிறந்தவை. துணிக்கப்பட்டது துணி, அறுக்கப்பட்டது அறுவை, துண்டிக்கப்பட்டது துண்டு. தறியில் முடிவின்றி நீளும் நெசவைக் கத்தி தொட்ட கணத்தில்தான் ஆடை என்ற ஒன்று பிறக்கிறது எனத் தமிழன் கண்டிருக்கிறான். ஆயின் அறுந்தவற்றை மீண்டும் சேர்த்துத் தைத்து ஆக்கும் பல்வண்ண விரிப்புக்கு இந்த மொழியில் நிலைத்த பெயர் ஒன்றும் இல்லை. மெத்தை என்றால் பஞ்சடைத்தது. போர்வை என்றால் போர்த்துவது. விரிப்பு என்றால் பாயும் அதனுள் அடங்கும். "ஒட்டுத்துணிப் போர்வை" என இன்று எழுதுகிறார்கள். அது பெயரன்று, விளக்கம்.

பெயர் இல்லாமல் இல்லை; இருந்த பெயர் தாழ்ந்துவிட்டது என்பதே உண்மைக்கு நெருக்கம். வடமொழியில் "கந்தா" என்பது ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடையையும் துறவியின் போர்வையையும் குறிக்கும். வங்காளத்தில் அதுவே "காந்தா", தமிழில் "கந்தை". எது எதிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் தீர்க்க வேண்டிய வழக்கு. இங்கே கருதத்தக்கது வேறு. ஒரே சொல் கங்கைக் கரையில் கலையின் பெயராயிற்று. வைகைக்குத் தெற்கே வறுமையின் பெயராயிற்று.

தமிழ் இலக்கியத்தில் ஒட்டுத்துணி வராமல் இல்லை. பொருநராற்றுப்படையின் பொருநன் உடுத்திருந்தது வேர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடிகொண்டு, வேற்று நூலால் ஆங்காங்கே தைக்கப்பட்ட பழந்துணி. கரிகாலன் முதலிற் செய்தது அதைக் களைந்துவிட்டு, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்பின் சட்டை போன்ற நுண்ணிய பூத்துகிலைத் தந்ததுதான். வள்ளன்மையின் முதற்செயலே ஒட்டுத்துணியை அப்புறப்படுத்துவது என்றாகிவிட்டது. அந்தத் துணியைத் தைத்த கை யாருடையது என்று புலவர் கேட்கவில்லை. பொருநனின் மனைவியாகவோ தாயாகவோ இருக்கலாம். வேற்று நூலைத் தேடி எடுத்துக் கோத்தவள் அவள்.

பெரியபுராணம் ஒரு படி மேலே செல்கிறது. காஞ்சியில் வாழ்ந்த ஏகாலியராகிய திருக்குறிப்புத்தொண்டரிடம், குளிர்காலத்தில் ஒரு முதியவர் வருகிறார். உடம்பில் இருப்பது ஓர் அழுக்குக் கந்தை. பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்துத் தொண்டர் வாங்குகிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடவில்லை. வாக்குத் தவறிய வேதனையில் துவைகல்லில் தலையை மோதப் போகிறார். சேக்கிழாரின் கையில் கந்தை இழிபொருள் அன்று. ஓர் உயிரின் விலை அதற்கு உண்டு. ஆனால் இந்த வழி பின்னர் தொடரப்படவில்லை.

பௌத்தர்களின் சீவரத்தையும் இங்கே நினைக்கலாம். மகத நாட்டு வயல்கள் வரப்பால் பிரிந்தும் சேர்ந்தும் கிடப்பதைக் காட்டி, அதுபோல் துண்டுகளை இணைத்து ஆடை செய்ய முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக விநய நூல் கூறுகிறது. வேர், தண்டு, பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஆறுவகைச் சாயங்களுக்கும் அங்கே அனுமதி உண்டு. கையால் சாயமேற்றிய துண்டுத்துணி ஆடைக்கு இதைவிடப் பழைய, தெளிவான சான்று தேடுவது அரிது. அதன் வடிவம் வயலிலிருந்து வந்தது என்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை செல்லும் மானாவாரி நிலத்தைப் பார்த்தவர்க்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் கரிசல், அடுத்து செவல், இடையே உவர் பூத்த வெண்திட்டு, சீமைக்கருவேலத்தின் மங்கிய பச்சை, கோடையில் நீரற்ற குண்டாற்று மணல். வரப்புகளே தையல். இரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் என்று உலகம் திருச்சுழியை அறியும். வானம் பார்த்துப் பருத்தி விதைத்த ஊர்களில் ஒன்று என்று அதன் அயலூர்கள் அறியும். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985இல் பிரிந்த காமராசர் மாவட்டத்தில் சேர்ந்து, இப்போது விருதுநகர் மாவட்டம் எனப்படும் இப்பகுதியில் அருப்புக்கோட்டை தறிக்கும் சாயப்பட்டறைக்கும் பேர்பெற்றது. சாலியரும் தேவாங்கரும் அங்கே நெய்தார்கள். தேவாங்கர் வீட்டில் கன்னடம் பேசுவோர். சுற்றுக் கரிசல் ஊர்களில் தெலுங்கு பேசும் உழவர் குடிகள் பல. ஒட்டுத்துணி விரிப்புக்குக் கன்னடத்தில் "கௌதி" என்றும் தெலுங்கில் "பொந்த" என்றும் பெயர் உண்டு. தமிழ்தான் இந்த மூன்றில் பெயரைத் தொலைத்த மொழி.

இந்நிலத்தில் அத்தகைய விரிப்புக்குத் தேவையான வண்ணங்கள் எவ்வாறு கிடைக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செடிச்சாயம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு உண்டாகும் பரவசம், அதன் வேலையை அறியாமல் வருவது.

முதல் வேலை துணியை வெறுமையாக்குவது. கஞ்சியும் எண்ணெய்ப்பசையும் உள்ள துணி சாயத்தை ஏற்காது. ஏகாலியர் கையாண்ட உவர்மண் இதற்கு உதவியது. பயிருக்கு ஆகாத அந்த வெண்மண், வெள்ளாவிக்கு ஆகும். பிறகு கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் துணி ஊற வேண்டும். வெளிறிய மஞ்சளாய் எழும் அத்துணியில் துவர்ப்பு ஏறியிருக்கும். அந்தத் துவர்ப்பே பின்வரும் வண்ணங்களுக்குப் பிடிமானம். படிகாரம் ஏற்றிச் சாயவேரில் மெல்லச் சூடாக்கினால் சிவப்பு. இரும்பு நீரில் தோய்த்தால் கருப்பு. துணி ஒன்றே, அதற்கு முன்னர் ஊட்டப்பட்டது எதுவோ அதைப் பொறுத்து நிறம் மாறும்.

சாயவேர் என்பது மணற்பாங்கான நிலத்தில் தாழப் படரும் இம்பூரற் செடியின் மெல்லிய வேர். சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகள் கடல் கடந்து புகழ்பெற்றது இதனால்தான். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் டச்சுக்காரர் இந்த வேரைத் தோண்டுவதையே அரசாங்க உரிமையாக வைத்திருந்தார்கள். இந்தச் சிவப்புக்குச் சுண்ணாம்புச்சத்துள்ள கடினநீர் துணை செய்யும். இரும்பு கலந்த நீர் அதை மங்கவைக்கும். எனவே கிணறு மாறினால் நிறம் மாறும். ஓர் ஊரின் சிவப்பு அடுத்த ஊரின் சிவப்பாகாததற்குச் சாயக்காரரின் கைத்திறனோடு நிலத்தடிப் பாறையும் காரணம்.

நீலத்தின் கதை வேறு. அவுரி என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. தென்மாவட்டங்களில் மருந்துக்காகப் பயிராகும் நிலாவாரையையும் பலர் அவுரி என்றே வழங்குவர். சாயம் தருவது நீலி எனப்படும் மற்றொரு செடி; திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அதிலிருந்து நீலம் எடுக்கிறார்கள். நீலக்கட்டி நீரில் கரையாது. பழைய தென்னாட்டுச் சாயக்காரர் ஊசித்தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பு சேர்த்து, நீலத்தோடு தாழியில் மூடிப் புளிக்க வைத்தனர். தாழி பக்குவமானதை மணத்தால் அறிந்தனர். உள்ளே நீர் மஞ்சட்பச்சை. மேலே செம்பு மினுக்கும் ஆடை. தோய்த்தெடுத்த துணி பச்சையாகத்தான் வெளிவரும். காற்றுப் பட்டதும், பார்த்திருக்கும்போதே, நீலமாகும். ஆழ்ந்த நீலம் வேண்டுமெனில் பலமுறை தோய்த்துப் பலமுறை காற்றாட வேண்டும். ஒரே தோய்ப்பில் அதைப் பெற வழியில்லை.

கருப்புக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைக் கருப்பட்டி நீரில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். பனை நிற்கும் நாட்டில் இது அரிதன்று. ஆனால் இரும்பு மிகுந்தால் துணியைத் தின்றுவிடும். பழைய கலம்காரித் துணிகளில் கருங்கோடுகள் முதலில் உதிர்வது அதனால்தான். மஞ்சளோ எளிதிற் கிடைத்து எளிதிற் போவது: மஞ்சட்கிழங்கின் நிறம் சில வெயில்களில் ஓடிவிடும், மாதுளைத் தோலின் மஞ்சள் அதைவிட நின்று பிடிக்கும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றினால் பச்சை. அந்த மஞ்சள் மங்கினால் பச்சை மீண்டும் நீலமாகும். ஐரோப்பிய அரண்மனைகளின் பழைய சித்திரத் திரைகளில் மரங்கள் நீல இலைகளோடு நிற்பதற்கும் இதுவே காரணம்.

1856இல் இங்கிலாந்தில் பெர்க்கின் கண்ட ஊதாவும், 1868இல் ஜெர்மானியர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய அலிசரினும், 1897இல் சந்தைக்கு வந்த செயற்கை நீலமும் இந்தத் தொழிலைச் சாய்த்தன. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருளே அலிசரின்; வேர் தோண்டியவரின் பிழைப்பு ஒரு புட்டியில் அடங்கிவிட்டது. ஆயினும் புட்டிச்சாயத்தைப் பழிப்பது எளிது, நியாயமன்று. கூலிவேலைக்குப் போகும் பெண்ணும் கெட்டிச் சிவப்பில் ஒரு சேலை உடுத்த முடிந்தது அதனால்தான். தீங்கு தரும் அசோ சாயங்கள் சிலவற்றை 1994இல் ஜெர்மனியும் 1997இல் இந்தியாவும் தடைசெய்ததையும் மறவாமல், இரண்டையும் அதனதன் கணக்கில் வைத்துப் பார்ப்பதே முறை.

இனி இணைப்பது. பல நிறத் துண்டுகளைச் சேர்க்குமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே அலசி, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் விடும் துண்டு ஒன்று போதும். முதல் சலவையில் அண்டை அயலை எல்லாம் கெடுத்துவிடும். புதுத்துணியைப் பழந்துணியோடு அப்படியே தைத்தாலும் தொல்லை. புதியது சுருங்கிப் பழையதைக் கிழிக்கும் என்பதை மாற்கு எழுதிய நற்செய்தியில் ஏசுநாதரே உவமையாக்கியுள்ளார். ஆகவே புதியதை முன்னரே நனைத்துச் சுருக்கிக்கொள்வது வழக்கம். வெப்ப நாட்டு விரிப்புக்குப் பஞ்சு தேவையில்லை. பழஞ்சேலை இரண்டு மூன்று மடிப்பே உடம்பு, அதன்மேல் துண்டுகள், எல்லாவற்றையும் ஊடுருவும் ஓட்டுத்தையல். வங்காளப் பெண்கள் பழஞ்சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தனர். வடகன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் சென்று, நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூவைக்கிறார்கள். அந்தப் பூ இல்லாவிடில் விரிப்பு நிறைவு பெறாது என்பது அவர்கள் கொள்கை.

உடுத்து உடுத்து நைந்த பருத்தியைப்போல் மென்மையானது புதுத்துணியில் இல்லை. அதனாலேயே பச்சிளங்குழந்தைக்குப் பழஞ்சேலையில் தூளி கட்டுகிறார்கள். கணவனை இழந்தவள் வெள்ளுடுத்த வேண்டும் என்றிருந்த குடிகளில், அவளுடைய வண்ணச் சேலைகள் பெட்டியில் கிடந்தன. பிறகு பேரக்குழந்தையின் தூளியாயின, அல்லது கீழே விரிக்கும் துணியின் ஒரு துண்டாயின. உடுத்தக் கூடாது என்று விலக்கிய நிறம் அங்கே அவள் கண்முன் மீண்டும் கிடந்தது. இதைப் பாடிய கவிஞர் தமிழில் யார் என்று தேடினால், வறுமைக்கு அடையாளமாகக் கந்தையைச் சொன்னவர்களே வரிசையாக வருகிறார்கள்.

வங்காளத்தில் நிலைமையை மாற்றியவன் ஒரு கவிஞன். ஜசீமுத்தீன் 1929இல் "நக்ஷி காந்தார் மாட்" என்னும் கதைப்பாடலை வெளியிட்டார். பிரிந்து போன கணவன் ரூபாயை எண்ணி, சாஜூ என்னும் சிற்றூர்ப் பெண் தன் வாழ்க்கையை ஒரு காந்தாவில் தையலாக எழுதுகிறாள். தான் இறந்தபின் அதைத் தன் சமாதிமேல் விரிக்கும்படி சொல்லிப் போகிறாள். "நக்ஷி காந்தா" என்ற தொடர் பரவலாக வழங்கியது இப்பாடலுக்குப் பின்னர்தான். அருங்காட்சியகங்களும் சந்தையும் அதையே எடுத்துக்கொண்டன. 2008இல் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு பதிவாயிற்று. பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துக்கொண்டே இருந்தார்கள். பெயர் ஒரு பாட்டிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டில் மதுரைச் சுங்குடிக்கு அத்தகைய பதிவு உண்டு. சுங்குடியின் வெட்டுத்துண்டும், அருப்புக்கோட்டைத் தறியில் பாவு முடியும்போது மிஞ்சும் கரைத்துணியும், அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும் சேரும் விரிப்பை எந்தப் பெயரால் அழைப்பது என்பது தீராமல் இருக்கிறது. கந்தை என்ற பழஞ்சொல்லையே தூக்கி நிறுத்துவதா, அண்டை வீட்டாரின் பொந்தவையும் கௌதியையும் ஏற்பதா, புதிதாய் ஒன்று ஆக்குவதா என்பதை இந்த அவையிலுள்ள கவிஞர்கள் முடிவு செய்யலாம்.