கருவைச் சூழ்ந்த பரிவேடம்



மழைக்காலத்து இரவில் நிலவு கோட்டை கட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நிலவு சிறியது, அதனைச் சூழ்ந்த மங்கிய ஒளி வட்டமோ மிகப் பெரியது. அணுக்கருக்கள் சிலவும் இத்தகைய பரிவேடம் பூண்டவை.

கருவினுள்ளே புரோத்தன்களும் நியூத்திரன்களும் நெருங்கிச் செறிந்துள்ளன. அவற்றின் தொகை எட்டு மடங்கானால் கருவின் ஆரை இரு மடங்காகும் என்பது பொது விதி. இதற்கு அடங்காதது இலித்தியம்-11. மூன்று புரோத்தன்களும் எட்டு நியூத்திரன்களும் கொண்ட இக்கரு 1966ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்டது. அதன் அரைவாழ்வுக் காலம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்பது பங்குதான்.

கணத்தில் மறையும் பொருளை அளப்பது எங்ஙனம்? மோதவிட்டே அளந்தனர். 1985ஆம் ஆண்டில், யப்பானிய விஞ்ஞானி இசாவோ தனிகாத்தாவும் துணைவரும், அமெரிக்காவின் பேர்க்லி நகரிலுள்ள ஆய்வுகூடத்தில், இலித்தியக் கருக்களைக் காபன் முதலிய தகடுகளினூடே மிகு வேகத்திற் செலுத்தினர். உடையாது வெளிவந்தவற்றை எண்ணினர். பருத்த கரு மோதி உடையும் வாய்ப்பு மிகுதியன்றோ? இலித்தியம்-11 எதிர்பார்த்ததைவிட மிகுதியாக உடைந்தது.

கரு முழுவதும் வீங்கியதா, அன்றி அதன் புறப்பகுதி மட்டும் விரிந்ததா? 1987ஆம் ஆண்டில் ஹான்சன், யோன்சன் என்போர், ஈற்றிரு நியூத்திரன்கள் தளர்ந்த பிணைப்பால் வெகுதூரம் பரந்துள்ளன என்று விளக்கினர். மறு ஆண்டின் பரிசோதனை அதனை வலியுறுத்தியது. அவ்விரண்டும் நீங்கியபின், எஞ்சிய இலித்தியம்-9இன் உந்தம் மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே வேறுபட்டது. உந்தத்தின் பரப்புக் குறுகினால் இடத்தின் பரப்பு விரியவேண்டும் என்பது ஐசன்பேர்க்கின் தத்துவம். ஆகவே, பதினொரு துணிக்கைகளே உடைய இக்கருவின் பரிவேடம், 208 துணிக்கைகள் கொண்ட ஈயக்கருவின் அளவிற்குப் பரந்துள்ளது எனக் கணித்தனர்.

இன்னுமொரு விந்தை. இலித்தியம்-9உடன் ஒரு நியூத்திரன் மட்டும் சேர்ந்து நிலைபெறாது. இரு நியூத்திரன்கள் தனித்தும் இணைந்திரா. ஒன்றிலொன்று சாய்த்து நிறுத்திய மூன்று கோல்களுள் ஒன்றை எடுத்தால் ஏனையவை விழுவதுபோல, இங்கும் மூன்றும் கூடினாலன்றி நிலையில்லை.

நெடிது நிலைப்பனவற்றைக் கண்டு வகுத்த விதி, கணத்தில் அழிவனவற்றுக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. இயற்கை அப்பாடத்தை ஒரு செக்கனிலும் மிகக் குறைந்த காலமே வாழும் ஒரு கருவைக் கொண்டு புகட்டியது.