தட்டு போடறவனுக்கு என்ன வேலை?

(பிச்சாவரத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்று மாலை நிகழ்ச்சி நிரலில் கடைசி அயிட்டம் என்ன என்று பார்த்தீர்களா? "டி.ஜே. இரவு: வழங்குபவர்கள் நம் மாணவர்கள்" என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் மூத்தவர்கள் வரிசையில் ஒரு முணுமுணுப்பு. "நாங்க படிக்கும்போது மெல்லிசைக் குழு வெச்சோம். பசங்களே பாடுவாங்க, தபேலா வாசிப்பாங்க. இவன் என்னடான்னா யாரோ பாடினதை எடுத்துப் போடறான். அதுக்கு ஒரு பேரு, ஒரு கைதட்டு!" எனக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தில் இந்த முணுமுணுப்புக்கே பதில் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஒலிபெருக்கிகளைச் சோதித்துப் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் டி.ஜே.க்களோடு அடிக்கடி பழக வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வக்கீலாகவும் பேசுவேன், எதிர்த்தரப்பு வக்கீலாகவும் பேசுவேன்.

டி.ஜே. என்றால் டிஸ்க் ஜாக்கி. டிஸ்க் என்பது இசைத்தட்டு. ஜாக்கி என்பவன் பந்தயக் குதிரையை ஓட்டுகிறவன். இந்தச் சொல் ஆட்டக் கூடத்தில் பிறந்ததல்ல, வானொலியில் பிறந்தது. நியூயார்க்கில் மார்ட்டின் பிளாக் என்ற அறிவிப்பாளர் 1935-ல் ஸ்டுடியோவில் இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டு, ஏதோ பெரிய நடன மண்டபத்திலிருந்து பேசுவது போலப் பாவனை பண்ணினார். கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள்.

அப்படிப் பார்த்தால் நம்ம கடலூர், சிதம்பரம் கரைக்கு டி.ஜே. புதுசே இல்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடம்தான் கொழும்பு.

இங்கே இருக்கிற அறுபது வயதுக்காரர்கள் முகத்தில் இப்போதே ஒரு சிரிப்பு தெரிகிறது! இலங்கை வானொலி. எங்கள் தாத்தா வீடு பக்கத்துக் கிள்ளையில். சென்னை நிலையம் கரகரக்குமாம், கொழும்பு கணீரென்று கேட்குமாம். அப்பா அதை ஏதோ தெய்வாதீனம் போலச் சொல்வார். நான் அலைபரப்பு பாடம் படித்த பிறகு வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். பிச்சாவரத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, சுமார் 500 கிலோமீட்டரில் கொழும்பு. நடுவில் இருப்பது பெரும்பாலும் கடல், இல்லாவிட்டால் கடலோரம். மத்திய அலை தரையை ஒட்டிப் போகும்போது காய்ந்த மண் அதை உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீரோ மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், அலை தேயாமல் வந்து சேரும். ராத்திரியானால் மேல்வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்ளும். ஆக, தாத்தா வீட்டு ரேடியோவுக்குக் கொழும்பைக் கொண்டுவந்து கொடுத்தது நம்ம வங்காள விரிகுடா.

அந்த நிலையத்தை ஆரம்பித்தவரும் ஒரு பொறியாளர்தான். கொழும்பு தந்தி இலாகாவின் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளை வைத்துச் சோதனை செய்து, 1925 டிசம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கினார். யுத்த காலத்தில் மவுண்ட்பேட்டன் படைக்காக நிறுவிய சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர் பிற்பாடு அந்த நிலையத்துக்கே வந்தது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952-ல் நம் நாட்டில் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்கிற மாதிரி நடந்துகொண்டார். பாட்டு கேட்கிற ஜனம் என்ன செய்யும்? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிற்று. அதே வருஷம் டிசம்பரில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா இந்தியில் அங்கே தொடங்கியது. 1957-ல் விவித் பாரதி ஆரம்பித்துத்தான் டெல்லி சமாளிக்க வேண்டியிருந்தது. ஒரு மந்திரியின் சங்கீத ரசனையால் ஒரு தேசமே பக்கத்து நாட்டு ஸ்டேஷனைக் கேட்டது என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கைதான்.

தமிழில் எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று ஒரு பட்டாளமே இருந்தது. இவர்கள் யாரும் பாட்டை எழுதவில்லை, இசையமைக்கவில்லை, பாடவும் இல்லை. சென்னையில் பதிவான பாட்டைத்தான் போட்டார்கள். ஆனாலும் சென்னையிலிருந்து வரும் அதே பாட்டு கொழும்பிலிருந்து வந்தால் ருசி கூடியது என்று அப்பா இன்னும் சத்தியம் செய்கிறார். காரணம் என்ன? எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு, எங்கே ஒரு வார்த்தை போதும், எங்கே பேசவே கூடாது, இந்த நேரத்தில் கேட்கிறவன் வயலில் இருக்கிறானா சைக்கிள் கடையில் இருக்கிறானா, இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கே.எஸ். ராஜாவின் வேகம் ஒரு பாணி. மூச்சு விடாமல் பேசுவார், ஆனால் ல, ள, ழ ஒன்றுகூடத் தடுமாறாது. அப்துல் ஹமீத் நிதானம். சிறுவனாக வானொலி நாடகத்தில் நுழைந்தவர், அறிவிப்பாளராகி, 'பாட்டுக்குப் பாட்டு' என்று ஒரு நிகழ்ச்சியை நடத்தி, 1990-களில் அதையே சன் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் தமிழ்க் குரல்களின் நிலைமை மாறிவிட்டது. கே.எஸ். ராஜா அந்தக் கொந்தளிப்புக் காலத்தில் கொலையுண்டார். இங்கே நம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது, முள்ளைத் திருப்புகிற பழக்கம் போயிற்று. கோடிக்கணக்கான காதுகளைத் தன் பக்கம் வைத்திருந்த மனிதர்களுக்குச் சொந்தமாக இருந்தது என்ன? டிரான்ஸ்மிட்டர் அரசாங்கத்துடையது, இசைத்தட்டு கம்பெனியுடையது. குரலும், ஞாபகத்தில் இருந்த பாட்டுகளும் மட்டும்தான் அவர்களுடையவை. அப்துல் ஹமீத் பெட்டி மாறியும் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

நம்ம ஊர்த் திருவிழா மைக் செட்காரரையும் இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டால் பாவம். தாலி கட்டுகிற நேரத்தில் சோகப் பாட்டு போட்ட மைக் செட்காரரை அடுத்த முகூர்த்தத்துக்கு யாராவது கூப்பிட்டார்களா? கூட்டத்தைப் படிக்கிற வித்தை அவருக்கும் தெரிந்திருந்தது.

சரி, ஆட்டக் கூடத்து டி.ஜே.க்கு வருவோம். அங்கே இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஆடுகிறவன் கால் நிற்கக் கூடாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரும் அந்த மூன்று வினாடியில் கூட்டம் கலைந்துவிடும். இதைத் தீர்த்தவர்களில் ஒருவர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த ஜோசப் சாட்லர். கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்றால் தம்பிகளுக்குத் தெரியும். 1958-ல் பார்படோஸ் தீவில் பிறந்தவர், தொழிற்கல்விப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்த பையன். இரண்டு தட்டுமேடை, நடுவில் மிக்ஸர். ஒன்று கூட்டத்துக்கு ஓடும்போது மற்றொன்றைத் தான் மட்டும் ஹெட்போனில் கேட்க அவரே ஒரு சுவிட்சைச் செய்து பொருத்தினார். தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் அடியில் மேடை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து நடுவில் வைத்தார். அவர் அம்மா தையல் வேலை தெரிந்தவர், வீட்டில் சாமானுக்குக் குறைவில்லை! நம் கல்லூரியில் இதைச் செய்திருந்தால் நல்ல மினி ப்ராஜெக்ட். 2007-ல் அவருடைய குழுவுக்கு அமெரிக்க ராக் இசை கௌரவ மன்றத்தில் இடம் கிடைத்தது. ஹிப்ஹாப் குழுக்களில் அதுவே முதல்.

கணக்கும் இருக்கிறது. ஓடுகிற பாட்டு நிமிடத்துக்கு 126 தாளம், அடுத்தது 120 என்றால், அடுத்ததை 5 சதவீதம் வேகப்படுத்த வேண்டும். இசைத்தட்டில் வேகம் ஏறினால் சுருதியும் கூடவே ஏறும், இந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட அரைக் கட்டை. பாடுகிறவர் குரல் கீச்சென்று ஆவதற்குள் நிறுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். இப்போது கம்ப்யூட்டர், சுருதியை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் மாற்றித் தருகிறது. 'சிங்க்' என்று ஒரு பட்டனும் உண்டு, அமுக்கினால் தாளம் தானே சேரும். மூத்தவர்கள் உடனே, "பார்த்தியா, பட்டன்தானே!" என்பார்கள். ஒரு விஷயம் சொல்கிறேன். 1980-களின் பாட்டுகளில் டிரம்ஸ் அடித்தது மனிதன். சரணத்துக்கு வரும்போது ஒரு நூலிழை வேகம் கூடும், குறையும். பட்டன் அங்கே திணறும். அன்றைய இளையராஜா பாட்டையும் இன்றைய பாட்டையும் தடம் புரளாமல் ஒட்ட வைக்கிற பையனைப் பார்த்தால் அவனுக்குக் காது இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்று காலை டிபன் நேரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் தகப்பனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, பையனுக்கு இன்ஸ்டாகிராமில ஆயிரக்கணக்கில ஆள் இருக்காம். படிப்பை விட்டுட்டு பாண்டிச்சேரி கிளப்புல சேர்றேங்கறான். நெலம் அடமானத்துல இருக்கு. நீங்களே சொல்லுங்க." அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு பையன் மட்டும் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர் ஹிப்ஹாப் தமிழா ஆதியும் பொறியியல் படித்தவர்தான். 2011-ல் 'கிளப்புல மப்புல' யூட்யூபில் பரவியது, 2012-ல் ஆல்பம், 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசை. தன் கதையை 2017-ல் 'மீசைய முறுக்கு' என்று படமாகவே எடுத்தார். ஆனால் அவர் தன் பாட்டைத் தானே செய்தவர். அடுத்தவர் பாட்டைக் கலந்து யூட்யூபில் போட்டால், அங்கே 2007 முதல் இருக்கிற தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்துவிடும். விளம்பரக் காசு பாட்டின் சொந்தக்காரருக்குப் போகும், அல்லது வீடியோவே இறங்கிவிடும். கல்யாண வீட்டில் பாட்டுப் போடக் காப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவில் விலக்குத் தருகிறது, 2023-ல் மத்திய அரசு அதைத் தெளிவுபடுத்தியும் இருக்கிறது. கிளப்புக்கு அந்த விலக்கு கிடையாது, லைசென்ஸ் வேண்டும். சேரும்போதே அதைக் கட்டுவது யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அந்த ஆயிரக்கணக்கான ஆட்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி ராத்திரி டிக்டாக் தடை செய்யப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? லட்சக்கணக்கில் ரசிகர் வைத்திருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரே ராத்திரியில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். அந்த வருஷமே ஊரடங்கில் கிளப்பும் மூடியது, கல்யாணக் கூட்டமும் ஐம்பது பேராகச் சுருங்கியது. கொழும்பு அறிவிப்பாளர்களுக்கு நடந்ததேதான், வேகம் மட்டும் அதிகம். ஆகவே அந்தத் தகப்பனாரிடம், "பையன் பட்டம் முடிக்கட்டும். அதுவரைக்கும் சனி ஞாயிறு முகூர்த்தத்துக்குப் போகட்டும், தடுக்காதீங்க. கடன் வாங்கி சிஸ்டம் மட்டும் வாங்கிக் கொடுக்காதீங்க, வாடகைக்கு எடுக்கட்டும். முடிச்சப்புறம் ஒரு வருஷம் டைம் கொடுங்க" என்றேன். அவர் முகம் முழுசாகத் தெளியவில்லை. நிலம் அடமானத்தில் இருக்கும்போது ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமில்லை, எனக்குத் தெரியும்.

டி.ஜே. தம்பிகள் யாரும் பேசாத ஒன்று காது. எட்டு மணி நேரம் தாங்கக்கூடியது 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். அதனால்தான் 2022-ல் உலக சுகாதார நிறுவனம், கேளிக்கைக் கூடங்களில் பதினைந்து நிமிட சராசரி 100-ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வகுத்தது. கூட்டம் ஒரு ராத்திரி கேட்டுவிட்டுப் போய்விடும். டி.ஜே. வாரம் முழுக்க அங்கேயே நிற்கிறான். இருபத்தெட்டு வயசில் காதில் ஓயாத ரீங்காரத்தோடு என்னிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். போன செவி நரம்பு திரும்பி வராது. முதல் சம்பளத்தில் இசைக் கலைஞர்கள் போடுகிற மாதிரி நல்ல காதடைப்பான் வாங்குங்கள், செல்போன் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

இன்று மாலைக்கும் ஒரு வேண்டுகோள். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரைக்கும் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இந்தச் சுரபுன்னைக் காடு 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம், கொக்கும் நாரையும் அடைகிற நேரம் அது. பாஸ் ஸ்பீக்கரைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பாமல் சாலைப் பக்கம் திருப்பி வையுங்கள். ஒலி அளவு மீட்டர் என் பையில் இருக்கிறது, ஏழு மணிக்கு மேடை பக்கம் வந்தால் எத்தனை டெசிபல் என்று எல்லோருக்கும் காட்டுகிறேன். முணுமுணுத்த அண்ணன்மார்களும் அவசியம் வரவேண்டும், முதல் பாட்டை அவர்கள்தான் சொல்லப் போகிறார்கள்.