தாக்: குருங் மக்களின் மலையூரும் மானிடவியலும்

நேபாளத்தின் பொக்ரா பள்ளத்தாக்குக்கு வடக்கே, அன்னபூர்ணா மலைத்தொடரின் தென்சரிவில், படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது தாக் என்னும் சிற்றூர். கல் சுவரும் கற்பலகைக் கூரையும் முன்புறத் திண்ணையும் கொண்ட வீடுகளில் இங்கு வாழ்வோர் குருங் இன மக்கள். தம்மைத் தமு என்று அழைத்துக்கொள்ளும் இவர்கள், திபெத்திய-பர்மியக் குடும்ப மொழியொன்றைப் பேசுபவர்கள், கூர்க்கா படையணிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வீரர்களை அனுப்பியவர்கள். வடக்கே எழுந்து நிற்கும் மச்சபுச்சரே சிகரம் 6,993 மீட்டர் உயரமுடையது. புனிதமானது என்பதால் அதன் மீது ஏற அனுமதி வழங்கப்படுவதில்லை.

ஷில்லாங்கில் பிறந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ஆலன் மெக்ஃபார்லேன் 1968-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வூருக்கு வந்தார். ஆய்வுக்குரிய மக்களோடு நெடுநாள் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் செய்யும் வேலையில் பங்குகொண்டு அறிவதே அவர் கையாண்ட பங்கேற்று உற்றுநோக்கல் என்னும் முறையாகும். குருங் ஊர்களில் அதற்கு முதல் தேவை ஒரு குடும்பம். ஏனெனில் அங்கே எவரும் எவரையும் உறவுமுறை சொல்லியே அழைப்பதால், வெளியிலிருந்து வந்தவர் ஒரு வீட்டின் மகனாகவோ சகோதரனாகவோ ஏற்கப்பட்ட கணத்திலேயே, ஊரார் அனைவரையும் அவர் எப்படி அழைப்பது, யாரிடம் கேலி பேசலாம், யார் முன் அடங்கியிருக்க வேண்டும் என்பவை தீர்மானமாகிவிடுகின்றன. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணப்பதை விரும்பும் இம்மக்களின் உறவமைப்பு, தமிழ் வாசகர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியதே.

அடுப்பைச் சுற்றி அமர்ந்து திடோ எனப்படும் கேழ்வரகுக் களியோ சோளக் களியோ உண்பதும், நெற்றிப் பட்டையில் தாங்கிய டோகோ என்னும் மூங்கில் கூடையில் எருவும் விறகும் சுமப்பதும், வீட்டுக்கு ஓராள் வீதம் கூடி ஒருவர் வயலில் மற்றவர் மாறிமாறி உழைப்பதும் அவ்வூர் வாழ்க்கையின் அன்றாடம். இறந்தவரின் உயிரை முன்னோர் உலகுக்கு வழியனுப்பும் பே என்னும் சடங்கு நாட்கணக்கில் நீளும். அதில் மருமகன்மாருக்கெனத் தனிக் கடமைகள் உண்டு. உறவினராக இல்லாதவர் இச்சடங்கை வேடிக்கை பார்க்கலாம்; உறவினரானவரோ அதில் தமக்குரிய வேலையைச் செய்தாக வேண்டும். ஒரு மானிடவியல் நூலின் ஆழம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. அதனால்தான் நூலாசிரியரின் பெயருக்கு நிகரான மதிப்பு அவருக்குச் சோறிட்ட குடும்பத்துக்கும் உரியது.

பெருகும் மக்கள்தொகையை மலைநிலம் தாங்குமா என்ற கவலையோடு மெக்ஃபார்லேன் தம் ஆய்வை 1976-இல் நூலாக்கினார். பின்னாளில் ஊரார் பலர் பொக்ராவுக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்தமையால், தாக் போன்ற ஊர்களின் கவலை ஆள் குறைவாக மாறியது. இம்மாற்றத்தை அவர் அறிந்தது, 1986 முதல் துணைவியார் சாரா ஹாரிசனுடன் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பச் சென்றதனால்தான். ஒருமுறை தங்கி எழுதிவிட்டுப் போயிருந்தால் பழைய முடிவே நிலைத்திருக்கும்.

இவருக்கு முன்பே, 1958-இல், மொஹோரியா என்னும் குருங் ஊரில் தங்கியவர் பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார்ட் பிஞ்ஞேட். இளவயதிலேயே அவர் இறந்துவிட, தமிழகத்தின் பிரமலைக் கள்ளர் பற்றி ஆராய்ந்த லூயி துய்மோனின் முன்னுரையுடன் பிஞ்ஞேட்டின் நூல் 1966-இல் வெளிவந்தது. அதனை மெக்ஃபார்லேனும் ஹாரிசனும் ஆங்கிலமாக்கி 1993-இல் காத்மாண்டுவில் வெளியிட்டனர். தங்கள் வரலாறு பற்றிக் குருங் மக்களே எழுதிய பகுதியும் அப்பதிப்பில் இடம்பெற்றது.