உணவகத்தில் குறை கண்டால்

சம்பளம் போட்ட மறு ஞாயிறு. கூலாய்ப் பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்று, பெர்மாஸ் ஜெயாவில் வேலை செய்யும் மகளைப் பார்க்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜொகூர் பாருவிலிருந்து தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து வந்து, ஐந்து பேரும் ஓர் உணவகத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். மீன் குழம்பு ஊசியிருக்கிறது. பரிமாறும் பையனிடம் சொன்னால், காதில் விழாதவன் போல் நகர்ந்துவிடுகிறான். பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வருகிறார்கள். மகன் கைப்பேசியை எடுத்து, இலையின் படத்தோடு நான்கு வரி முகநூலில் எழுதிவிடுகிறான். அந்த நான்கு வரி உணவக நிறுவனத்துக்குள் என்ன செய்கிறது? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முன்பெல்லாம் குறையைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போட்டோம். முதலாளி படித்தாரா, அடுப்பில் போட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. இன்றோ முதலாளி படிப்பதற்கு முன் ஊரே படித்துவிடுகிறது. ஆகவே பல கிளைகள் உள்ள நிறுவனங்கள், வருகிற குறைகளைப் படித்துப் பிரிப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. வயிற்றுக் கோளாறு, உணவில் பூச்சி என்றால் உடனே கவனிப்பார்கள். விலை அதிகம், சாப்பாடு தாமதம் என்பவை பின்னால்தான். சிறு கடைகளில் முதலாளியின் மகனோ மருமகளோ கடை அடைத்த பிறகு உட்கார்ந்து பதில் எழுதுவார்கள்.

“வருந்துகிறோம், விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்” என்று ஒரு பதில் வரும். பலருக்கும் இதே வாசகம்தான். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எந்தக் கிளை, எந்த நாள், ரசீது எண் என்ன என்று தெரியாமல் அவர்களால் விசாரிக்க முடியாது, இது நியாயமே. பேச்சை ஊரார் கண்ணிலிருந்து அகற்றிவிடலாம் என்பது மற்றொன்று. ஆகவே விவரத்தைக் கொடுங்கள், ஆனால் முதலில் எழுதியதை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கொனோவர் என்ற சிற்றூரின் டோமினோஸ் பீட்சா கடையில் இரு ஊழியர்கள் உணவை அசிங்கப்படுத்திப் படம் எடுத்து யூடியூபில் போட்டார்கள். தானாக அடங்கிவிடும் என்று நிறுவனம் முதலில் பேசாதிருந்தது. அது அடங்கவில்லை. நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் பேட்ரிக் டாயில், அதே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் கடைசியில், தங்கள் பீட்சா அட்டையைப் போல் இருக்கிறது என்று மக்கள் சொன்ன குறையைத் தாங்களே விளம்பரத்தில் காட்டி, செய்முறையையும் மாற்றினார்கள்! இது கெட்டிக்காரத்தனம்.

இதற்கு நேர்மாறு, அரிசோனா மாநிலத்தின் ஏமிஸ் பேக்கிங் கம்பெனி என்ற உணவகம். 2013-இல் முகநூலில் குறை சொன்னவர்களோடு அதன் உரிமையாளர்கள் வசைபாடிச் சண்டையிட்டார்கள். பிறகு, தங்கள் கணக்கை யாரோ திருடி எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். நம்பியவர் குறைவு. 2015-இல் கடை மூடப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 மே மாதம் கோலாலம்பூர் பங்சாரில், ராஜ்ஸ் பனானா லீஃப் உணவகத்தின் பின்புறம் தெருப் பள்ளத்து அழுக்குத் தண்ணீரில் தட்டுக் கழுவிய காட்சி கைப்பேசிகளில் பரவியது. உணவகம் மன்னிப்புக் கேட்டது. அதிகாரிகள் அதை மூட உத்தரவிட்டார்கள். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, சுத்தமற்ற இடத்தை 14 நாள் வரை மூட அதிகாரம் தருகிறது.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். குறை பரவியவுடன் பல நிறுவனங்கள் செய்கிற முதல் காரியம், ஓர் ஊழியரை வேலையிலிருந்து நிறுத்துவது. “தக்க நடவடிக்கை எடுத்துவிட்டோம்” என்றால் பாதி நேரம் இதுதான் பொருள். கொனோவரில் வேண்டுமென்றே செய்தார்கள், நிறுத்தியது சரி. ஆனால் நேற்றைய மீனை இன்றைக்குப் போடச் சொன்னது யார்? மூன்று பேர் கழுவ வேண்டிய தட்டுகளை ஒருவர் தலையில் கட்டியது யார்? தோட்டத்தை விட்டு வந்த நம் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட அடுப்படிகளிலும் கல்லாக்களிலும்தான் நிற்கிறார்கள். பரிமாறும் பையனின் முகத்தைப் படம் பிடித்துப் போட்டால், மறுநாள் அவன் போவான். மீன் அப்படியே இருக்கும்.

ஆகவே இலையைப் படம் எடுங்கள், ஆளை வேண்டாம். நாள், மணி, கிளை, உண்ட பண்டம், கொடுத்த வெள்ளி, இவற்றை எழுதுங்கள். “எலிக் கறி போடுகிறார்கள்” என்று கோபத்தில் சேர்த்துவிட்டால், உண்மையான குறையும் பொய்யாகிவிடும். 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தைக் காட்டி வக்கீல் கடிதமும் வரலாம்.

உண்டபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். நச்சுணவு நோயைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பது மருத்துவரின் சட்டக் கடமை. நீங்களும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். முகநூலில் எழுதியாகிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. அங்கே ரசீதைக் கேட்பார்கள். அதனால் சாப்பிட்டு எழுந்ததும் ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.