‘பிடிச்சிருக்கு’ என்ற ஒரு சொல்

(நம் சங்கத்தின் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் ரிப்பேர், தண்ணீர் லாரி என்று பேசிப் பழகிய இந்த ஹாலில், ஜப்பானியக் காதல் பாட்டுகளைப் பற்றிப் பேச அழைத்த நிர்வாகிகளுக்கு நன்றி. இதற்குக் காரணம் லிஃப்டில் நடந்த ஒரு பேச்சு.

நான் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு அம்மா கேட்டார்: “டீச்சர், என் பொண்ணு ராத்திரி பூரா ஒரே ஜப்பான் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேக்குறா. அதுல என்ன இருக்கு? தப்பா ஏதாவது இருக்கா?” தன் ஃபோனில் பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினார். ஹிகாரு உத்தாடாவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’.

“தப்பாக எதுவும் இல்லைங்க” என்றேன். அவர் கேட்டது பாட்டைப் பற்றி மட்டும் அல்ல என்பது வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. அவருக்கு அன்று சொல்லாததை இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பாட்டு. அது 1999-இல் வந்தது. அது வெளிவந்தபோது உத்தாடாவுக்கு 16 வயது. அதே பெயரில் வந்த ஆல்பம் ஜப்பானில் 70 லட்சத்துக்கும் மேல் விற்றது. அங்கே இன்றுவரை அதைவிட அதிகம் விற்ற ஆல்பம் கிடையாது. 2022-இல் அந்தப் பாட்டை வைத்து ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. அப்படித்தான், அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளின் காதுக்கும் அது வந்து சேர்ந்தது. தலைப்பு முதல் காதல். பாடுவதோ அந்தக் காதல் முடிந்துபோனதை. கோபமும் இல்லை, சாபமும் இல்லை. நினைவு மட்டும் இருக்கிறது.

நம் பிள்ளைகளில் பலர் அனிமே படங்கள் வழியாக இந்தப் பாட்டுகளுக்கு வந்தவர்கள். மகோடோ ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ படத்தை இங்கே வெளியிடச் சொல்லி இந்திய ரசிகர்கள் இணையத்தில் மனு போட்டார்கள். 2019 அக்டோபரில் அது நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. அதன் பாடல்களைச் செய்த ராட்விம்ப்ஸ் குழுவின் பெயர் உங்கள் வீட்டிலும் காதில் விழுந்திருக்கும்.

சரி, இந்தப் பாட்டுகளில் என்னதான் இருக்கிறது?

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்: ‘சுகி’. பிடிக்கும் என்று பொருள். மாம்பழம் பிடிக்கும் என்பதற்கும் இதே சொல்தான், உன்னைப் பிடிக்கும் என்பதற்கும் இதே சொல்தான். நம் ‘பிடிச்சிருக்கு’ போலவே. ‘ஐஷிதேரு’ என்று காதலுக்கென்றே கனமான சொல் ஒன்று உண்டு. பாட்டில் நிறைய வரும். வாழ்க்கையில் வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் சொல்வது சுகிதான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. தமிழில் ‘காதலிக்கிறேன்’ என்றால் சொல்வது நான் என்று வினையே காட்டிவிடும். ‘காதலித்தாள்’ என்றால் பெண் என்று தெரிந்துவிடும். ஜப்பானிய வினைக்கு அந்த வால் கிடையாது. யார், யாரை என்று சொல்லாமலே ஒரு வாக்கியம் முடிந்துவிடும். மெட்டிலும் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம். ‘நான்’ என்பதற்கான ‘வாதாஷி’ மட்டுமே மூன்று சுரங்களைத் தின்றுவிடும். அதனால் பாடலாசிரியர்கள் நானையும் நீயையும் முடிந்தவரை விட்டுவிடுகிறார்கள். மிச்சமிருப்பது மழை, ரயில் நிலையம், பதில் வராத ஃபோன். யாருடைய காதல் என்று சொல்லாததால் கேட்கிற ஒவ்வொருவரும் அது தன் கதை என்று நினைத்துக்கொள்ள முடிகிறது. உங்கள் மகளோ மகனோ ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவர்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள். 1990-களில் ஜப்பானிய மாணவிகள் கையில் பேஜர் இருந்தது. அதில் எண்களை மட்டும் அனுப்பலாம் என்றிருந்த காலத்தில், எண்களின் ஒலியைக் கொஞ்சம் வளைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 0840 என்றால் ‘ஒஹாயோ’, காலை வணக்கம். 14106 என்றால் ‘ஐஷிதேரு’. வாயால் சொல்ல முடியாத சொல்லை ஐந்து பட்டன்களில் அனுப்பினார்கள். பேஜர் ஒலிக்கவில்லையே என்று தலைப்பிலேயே ஏங்கும் ஒரு பாட்டு 1993-இல் வந்தது. இப்போது அந்த இடத்தில் வாட்ஸ்ஆப் போன்ற ‘லைன்’ செயலி இருக்கிறது. படித்துவிட்டார், ஆனால் பதில் இல்லை என்று காட்டுகிறதே, அந்தக் கவலை நமக்கும் புதிதல்ல.

ஆனாலும் ஒரு கட்டத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. ‘கொகுஹாகு’ என்பார்கள். மனதில் இருப்பதை நேருக்கு நேர் தெளிவாகச் சொல்லி, என்னுடன் பழகச் சம்மதமா என்று கேட்பது. பதில் சரி என்று வரலாம்; மன்னிக்கவும் என்றும் வரலாம். இதற்கு உகந்த காலம் மார்ச். ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து, சகுரா பூக்கும் ஏப்ரலில் தொடங்குகிறது. பள்ளி முடியும் நாளில், பையனின் சீருடைக் கோட்டில் மேலிருந்து இரண்டாவது பட்டனைப் பெண் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. இதயத்துக்கு மிக அருகில் இருக்கும் பட்டன் அது என்பார்கள். பள்ளிப் பிரிவையும் சகுராவையும் சேர்த்துப் பாடும் பாட்டுகள் தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. இகிமோனோ ககாரி குழு 2006-இல் அறிமுகமானதே ‘சகுரா’ என்ற பாட்டோடுதான்.

மன்னிக்கவும் என்று பதில் வந்தால்? நான் பேச வந்ததே இதைத்தான்.

ஒருபக்கக் காதலுக்கு ஜப்பானியத்தில் ‘கதாஓமோய்’ என்று பெயர். தொல்காப்பியம் கைக்கிளை என்கிறதே, ஏறக்குறைய அது. காதல் கைவிட்டுப் போவதற்கு ‘ஷிட்சுரென்’. இவற்றைப் பற்றி மட்டுமே நூற்றுக்கணக்கான பாட்டுகள் உண்டு. 2004-இல் தொடங்கிய ஒரு குழுவின் பெயர் ‘பேக் நம்பர்’. பத்திரிகையின் பழைய இதழ் என்று பொருள். குழுவின் பாடகரை விட்டுவிட்டு அவருடைய காதலி வேறொருவரிடம் போய்விட்டார். அவளுக்கு நான் இனி பழைய இதழ்தானே என்று அவர் குழுவுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்! 2019-இல் பெரிய வெற்றி பெற்ற ‘பிரிடெண்டர்’ பாட்டில், அவளுக்கு உரியவன் தான் இல்லை என்று புரிந்துகொண்டவன் விலகி நிற்கிறான். வலி இருக்கிறது. ஆனால் அவள் பின்னால் அலைவது இல்லை, பழிவாங்குவது இல்லை.

பாட்டைக் கேட்டுவிட்டால் ஒரு நாடே திருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. 1999-இல் ஜப்பானில் ஒரு கல்லூரி மாணவி, முன்னாள் காதலன் தரப்பின் தொடர் தொல்லைக்குப் பிறகு கொல்லப்பட்டார். மறு ஆண்டே பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பாட்டுத் தொழிலிலும் குறைகள் உண்டு. மேடையில் காதலைப் பாடும் ‘ஐடல்’ பெண்கள் பலருக்குக் காதலிக்கவே கூடாது என்று நிபந்தனை இருந்தது. அதை மீறியதற்காக 17 வயது முன்னாள் ஐடல் ஒருவர் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2015-இல் டோக்கியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு மாதம் கழித்து, வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், ஒருவரோடு பழகுவது மகிழ்ச்சியைத் தேடும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

ஆகவே பாட்டு பாதுகாப்பு தராது. ஆனால் ஒரு பழக்கத்தைக் காட்டுகிறது. பிடித்திருந்தால் ஒருமுறை தெளிவாகச் சொல், மறுத்தால் ஏற்றுக்கொள், அழுகை வந்தால் அழுதுவிட்டு, மறுநாள் பள்ளிக்குப் போ. இதை நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளிடம், குறிப்பாக மகன்களிடம், உட்கார்ந்து பேசியிருக்கிறோம்? நானும் பேசியதில்லை. என் மகன் என் வகுப்பு நோட்டில் இருந்த ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேட்டபோது இலக்கணம் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று அவன் கேட்டது இலக்கணம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டை ஒருநாள் ஹெட்ஃபோன் இல்லாமல் போடுங்கள்.

பெற்றோர்களே, அப்படிப் போட்டால் “இதுல என்ன சொல்றாங்க?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை அர்த்தம் சொல்லும். பாதியில் நிறுத்தினாலும் நிறுத்தும். குறுக்கே பேசாமல் காத்திருங்கள். யார், யாரை என்று அந்தப் பாட்டே சொல்வதில்லை. நாமும் உடனே கேட்க வேண்டாம்.

லிஃப்டில் கேட்ட அந்த அம்மாவுக்கு என் நன்றி. அர்த்தம் புரியாத பாட்டு இருந்தால் எந்த மாலையும் என் வீட்டு மணியை அடிக்கலாம். இந்த முறை இலக்கணத்தோடு நிறுத்த மாட்டேன்.