"எத்தனை நாள், டாக்டர்?"
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"எத்தனை நாள், டாக்டர்?" புற்றுநோய் என்றதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஓர் அரிய நோயை எடுத்துக்கொண்டு, மருத்துவம் இதற்கு எப்படி விடை தேடுகிறது என்று சொல்கிறேன்.

நிணநீர் மண்டலப் புற்றுநோயை லிம்போமா என்கிறோம். அதில் என்கே/டி செல் லிம்போமா ஒரு வகை. பெரும்பாலும் மூக்கில் தொடங்கும். மேலைநாடுகளில் மிக அரிது. கிழக்காசியாவில் சற்றுக் கூடுதல். எப்ஸ்டீன்-பார் வைரஸ் இதன் அணுக்களில் காணப்படும். (அந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோரிடமும் உண்டு. அஞ்ச வேண்டாம், இந்நோய் மிகச் சிலருக்கே வரும்.)

11 நாடுகளைச் சேர்ந்த 527 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு 2016இல் 'பிங்க்' என்னும் மதிப்பீட்டு முறை வெளியாயிற்று. வயது 60ஐத் தாண்டியதா? நோய் 3ஆம் அல்லது 4ஆம் கட்டமா? தொலைவிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியதா? மூக்கல்லாத வேறிடத்தில் தோன்றியதா? ஒவ்வோர் 'ஆம்' என்பதற்கும் ஒரு புள்ளி. புள்ளியே இல்லாதவர்களில் மூன்றாண்டுக்குப் பின் 81 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். ஒரு புள்ளி பெற்றோரில் 62. இரண்டும் அதற்கு மேலும் பெற்றோரில் 25.

இது ஜாதகமன்று. நூறு பேரில் 25 பேர் என்று சொல்லுமே தவிர, அந்த 25 பேரில் உங்கள் தாயார் ஒருவரா என்று சொல்லாது. சிகிச்சையை எவ்வளவு கடுமையாக்குவது என்று மருத்துவர் தீர்மானிக்க உதவும், அதற்காகவே உண்டாக்கப்பட்டது.

இன்னொன்று. எண் என்பது சிகிச்சையோடு சேர்ந்தது. முன்பு வழக்கமாகக் கொடுத்த ஆந்த்ராசைக்ளின் மருந்துகளை இந்த அணுக்கள் வெளியே தள்ளிவிடும். பின்னர் வந்த அஸ்பராஜினேஸ் வேறு விதமாக வேலை செய்கிறது. அஸ்பராஜின் என்ற சத்தை இவ்வணுக்களால் போதிய அளவு தாமே செய்துகொள்ள முடியாது; இரத்தத்தில் இருப்பதை மருந்து அழித்துவிட, அவை பட்டினியால் மடிகின்றன. பழைய மருந்துகளை அடிப்படையாகக் கொள்ளாத சிகிச்சை பெற்றவர்களையே 'பிங்க்' கணக்கில் சேர்த்தார்கள். எனவே பழைய நூலில் கண்ட எண்ணைக் கொண்டுவந்து கலங்குவது வீண். 2017இல் ஹாங்காங், சிங்கப்பூர், கொரிய மருத்துவர்கள் அஸ்பராஜினேஸும் கைவிட்ட ஏழு பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தார்கள். ஏழு பேரிடமும் நோய் தணிந்தது. ஏழு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வேறு வழியற்றிருந்தவர்கள் அவர்கள்.

ஆகவே எண்ணைக் கேளுங்கள். அது எந்த ஆண்டு, எந்த மருந்து பெற்றவர்களின் எண் என்றும் கேளுங்கள். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் உள்ளே வந்து கேட்பது எனக்கு உடன்பாடில்லை. உடம்பு அவருடையது.

அந்த நான்கில் வயதை நாம் மாற்ற முடியாது. நோய் பரவுமுன் கண்டுபிடிக்க ஓரளவு முடியும். வாரக்கணக்கில் நீங்காத மூக்கடைப்பு, ஒரு பக்கமாகவே வடியும் இரத்தம், இவற்றைச் சளி என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எடுத்த சதையில் பெரும்பகுதி செத்த திசுவாக இருந்தால் முதல் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். மருத்துவர் மறுபடியும் சதை எடுக்க வேண்டுமென்றால் மறுக்காதீர்கள்.